லிங்கன் மார்க் ஃபைவ் டைமண்ட் ஜூபிலி (1978): குறைவாக ஓடிய காரை விற்பவர்களுக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1978-ல் ஃபோர்டு நிறுவனத்துக்கு 75 வயது நிறைந்தது. அதன் நினைவாக, லிங்கன் பிரிவின் இரண்டு கதவு கூபேயான கான்டினென்டல் மார்க் ஃபைவில் டைமண்ட் ஜூபிலி என்ற தனிப்பதிப்பை அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் வெளியிட்டார்கள். மிஷிகன் மாநிலத்தின் விக்ஸம் ஆலையிலிருந்து 5,159 கார்கள் வந்தன. சாதாரண மார்க் ஃபைவ் சுமார் 12,000 டாலருக்கு விற்ற நாளில், இந்தப் பதிப்புக்கு அதற்கு மேல் 8,000 டாலர் கொடுக்க வேண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கியவர்களில் பலர் வண்டியை ஓட்டாமல் உறை போட்டு வைத்தார்கள். அதனால்தான் 10,000, 20,000 மைல் மட்டுமே ஓடிய கார்கள் அமெரிக்காவில் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அப்படியொரு கார் கையில் இருந்து, அல்லது வீட்டுப் பெரியவரிடமிருந்து வந்து சேர்ந்து, விற்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

என்னிடம் இருப்பது உண்மையான டைமண்ட் ஜூபிலிதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நிறம். இந்தப் பதிப்பு டைமண்ட் ப்ளூ, ஜூபிலி கோல்ட் என்ற இரண்டே நிறங்களில்தான் வந்தது. நிறம் உடம்போடு நிற்காது. முன் கிரில், பம்பர் மேலுள்ள ரப்பர் பட்டை, பக்கப் பட்டை, அலுமினியச் சக்கரத்தின் உட்பகுதி, பின்பாதிக் கூரையின் வினைல், டிக்கி மேல் மேடு என எல்லாமே அதே நிறத்தில் இருக்கும். இரண்டாவது, பின்பக்கத்து ஓபரா ஜன்னல், அதாவது கூரையின் பின்தூணிலுள்ள சிறு பக்க ஜன்னல். கண்ணாடியில் பதிப்பின் பெயரும், அதோடு வைரச் சில்லு போன்ற ஒரு சிறு கல்லும் பதிந்திருக்கும். மூன்றாவது இருக்கை. அந்த ஆண்டின் மற்ற மார்க் ஃபைவ்களில் முன்னால் பெஞ்ச் வகை இருக்கை. இதில் தனித்தனி பக்கெட் இருக்கைகளும், நடுவில் குடை வைக்கும் அறையோடு கூடிய கன்சோலும்.

இவை கண்ணால் பார்ப்பவை. உதிரி பாகம் வாங்கி மாட்டிய கார் இல்லை என்று காட்ட ஆவணம் வேண்டும். அரிசோனாவிலுள்ள மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் ஃபோர்டின் பழைய தயாரிப்புத் தரவுகளை உரிமத்தோடு வைத்திருக்கிறது. உங்கள் கார் எண்ணை (நம்பர் பிளேட் எண் அல்ல, ஆலையில் பதித்த அடையாள எண்) கொடுத்துப் பணம் கட்டினால், ஆலையிலிருந்து அது என்னென்ன பொருத்தி வெளியே வந்தது என்று அறிக்கை தருவார்கள். விற்பனைக்கு முன் செய்யும் செலவுகளிலேயே மலிவானதும் பயன் அதிகமானதும் இதுதான். விளம்பரம் போடும் முன்பே வாங்கிவிடுங்கள். வாங்க வருபவர் தானே அறிக்கை எடுத்து, நீங்கள் சொன்னதற்கு மாறாக ஒன்றைக் கண்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

ஃபோர்டு தண்டர்பேர்டிலும் டைமண்ட் ஜூபிலி உண்டாமே?

உண்டு, அதே ஆண்டில். ஆனால் அது வேறு கார், விலையும் ஏறக்குறைய பாதி, எண்ணிக்கை 18,994. இணையத்தில் விலை தேடும்போது இரண்டும் கலந்து வரும், பிரித்துப் பாருங்கள்.

ஓடோமீட்டரில் 14,000 மைல் என்று இருக்கிறது. அதைக் காட்டினால் போதாதா?

போதாது. விற்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இந்தக் காரின் ஓடோமீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 தாண்டியதும் மறுபடி சைபருக்கு வந்துவிடும். 14,000 என்று தெரிவது 1,14,000 ஆகவும் இருக்கலாம். வாங்குபவருக்கு இது நன்றாகவே தெரியும்.

டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். கார் விற்கும்போது மைல் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற அமெரிக்க மத்தியச் சட்டம் 1972 முதல் இருக்கிறது. ஆனால் 2010 மாடல் வரையிலான கார்களுக்குப் பத்து வயது கடந்ததும் அதிலிருந்து விலக்கு. அதனால் பல டைட்டில்களில் மைல் கட்டத்தில் 'விலக்கு' என்று மட்டுமே இருக்கும். விலக்கு என்பது மைல் உண்மை என்பதற்கும் சான்றில்லை, பொய் என்பதற்கும் சான்றில்லை.

வாங்குபவர் விலை கொடுப்பது அந்த எண்ணுக்கு அல்ல, எண்ணை நிரூபிக்கும் காகிதங்களுக்கு. தேடி எடுக்க வேண்டியவை: முதல் விற்பனை ரசீது, ஜன்னலில் ஒட்டியிருந்த விலைத்தாள், மைல் குறித்த சர்வீஸ் பில்கள், ஆயில் மாற்றியபோது கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கர்கள், ஆண்டுச் சோதனை உள்ள மாநிலமாக இருந்தால் அந்தச் சீட்டுகள், பழைய டைட்டில்களின் நகல், இன்ஷூரன்ஸ் கடிதங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி, முதல் பக்கத்தில் தேதி, மைல், ஆதாரம் என்று ஓர் அட்டவணை எழுதுங்கள். 1981-ல் 6,200, 1989-ல் 9,800, 2004-ல் 12,900 என்று கோடு இடைவெளி இல்லாமல் ஏறினால் அதற்கு மேல் பேச்சில்லை. நடுவில் பதினைந்து ஆண்டு காலி என்றால், அந்தக் காலத்தில் வண்டி எங்கே நின்றது என்பதற்கு வேறு ஏதாவது காட்ட வேண்டும்.

காகிதத்தோடு காரும் ஒத்துப்போக வேண்டும். அனுபவமுள்ளவர் முதலில் பார்ப்பது பிரேக் பெடல் ரப்பரை. அடுத்து டிரைவர் கதவு. மார்க் ஃபைவின் கதவு மிக நீளம், மிகக் கனம். அதிகம் திறந்து மூடிய காரில் கீல் ஊசி தேய்ந்து கதவு தொங்கும், மூடும்போது தூக்கிவிட வேண்டியிருக்கும். சாவித் துளையைச் சுற்றிக் கீறல், இருக்கையின் இடது ஓரத்து வெல்வெட் பளபளப்பு, குதிகால் படும் கார்ப்பெட், வெயிலுக்கு எதிரே பார்த்தால் முன் கண்ணாடியில் தெரியும் பொடிக் குழிகள் ஆகியவை அடுத்து. 14,000 மைல் காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் சந்தேகம்தான் வரும். பழையதை மாற்றாதீர்கள், மாற்றிவிட்டிருந்தால் பழையதைக் கையோடு கொடுங்கள்.

ஆதாரம் போதவில்லை என்றால் 'ஓடோமீட்டர் காட்டுவது 14,000. ஆவணம் இன்ன ஆண்டு முதல் மட்டுமே உள்ளது' என்று எழுதுங்கள். 'அசல் மைல்' என்று எழுதிவிட்டு நிரூபிக்க முடியாமல் போனால் விலை குறைவதோடு முடியாது, வழக்கு வரைக்கும் போகும்.

காரின் எண்ணைப் போட்டால் வரலாறு தரும் தளங்கள் ஏற்க மறுக்கின்றன. ஏதாவது கோளாறா?

கோளாறில்லை. 17 எழுத்து எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. உங்கள் காருக்கு 11 எழுத்து. முதல் எழுத்து 8 என்றால் 1978, அடுத்த ஒய் விக்ஸம் ஆலை, பிறகு வரும் 89 மார்க் ஃபைவ் உடல், ஐந்தாவது எழுத்து என்ஜின், மிச்சம் வரிசை எண். டாஷ்போர்டில் டிரைவர் பக்கம் கண்ணாடி வழியே தெரியும் தகட்டிலும், கதவோரத்து லேபிளிலும், டைட்டிலிலும் மூன்றும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய டைட்டில்களில் 8-ஐ 'பி' என்று தட்டச்சு செய்த பிழைகள் உண்டு. விற்ற பிறகு திருத்துவது பெரும்பாடு. இப்போதே மாநில வாகன அலுவலகத்தில் சரிசெய்துவிடுங்கள்.

என்ஜினால் விலை மாறுமா?

மாறும். ஐந்தாவது எழுத்து ஏ என்றால் 460 கன அங்குல வி-8, அதாவது 7.5 லிட்டர், 210 குதிரைசக்தி. எஸ் என்றால் 400, அதாவது 6.6 லிட்டர், 166 குதிரைசக்தி. மார்க் ஃபைவில் 460 கிடைத்த கடைசி ஆண்டு 1978; 1979-ல் 400 மட்டும்தான். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள காருக்கு 460 பொருத்தமாக இருக்கும் என்பதால் தேடுகிறவர்கள் அதையே கேட்பார்கள். 400 ஒன்றும் கெட்ட என்ஜின் இல்லை. விளம்பரத்தில் எது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

காரோடு என்னென்ன பொருள்கள் இருக்க வேண்டும்?

கன்சோலுக்குள் உட்புறத்தோடு நிறம் ஒத்த குடை. தோல் உறை போட்ட உரிமையாளர் கையேடு. தோல் உறையில் கருவிப் பெட்டி. தங்கப் பூச்சு பதித்த சாவிகள். இவற்றில் முதலில் தொலைவது குடை. பேரப்பிள்ளைகள் எடுத்துப்போய்ப் பள்ளியில் விட்டுவிடுகிறார்கள். தனியே தேடிப் பிடிப்பது கடினம், கிடைத்தாலும் விலை சொல்ல முடியாது. வீட்டில் மேசை இழுப்பறை, பரண், பழைய பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு முறை துழாவிவிட்டு அதன்பின் விளம்பரம் போடுங்கள்.

இன்னொன்று: ஆலையில் பயன்படுத்திய தயாரிப்புத் தாள் பல கார்களில் பின் இருக்கையின் அடியிலோ கார்ப்பெட்டுக்குக் கீழோ கிடக்கும். இருக்கையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். காகிதம் கிடைத்தால் பிரித்துத் தேய்க்காமல், அப்படியே படம் எடுத்து, அமிலமில்லாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

கதவில் முதல் உரிமையாளரின் பெயர் எழுத்துகள் இருக்கின்றன. நீக்கிவிடலாமா?

வேண்டாம். வாங்கியவரின் முதலெழுத்துகளைக் கதவில் பதிப்பது இந்தப் பதிப்பின் அம்சங்களில் ஒன்று. ரசீதிலுள்ள பெயரும் கதவிலுள்ள எழுத்தும் பொருந்தினால் அது ஓர் ஆதாரம். எடுத்தால் கீழே வெயில் படாத பெயின்ட் வேறு நிறத்தில் பல்லிளிக்கும்.

விற்கும் முன் பெயின்ட் அடித்து, இருக்கை உறை மாற்றிப் புதிதாக்கினால் கூடுதல் விலை வராதா?

குறையும். குறைவாக ஓடிய காரை வாங்குபவர் தேடுவது ஆலையிலிருந்து வந்த அசல் பெயின்ட், அசல் துணி, அசல் பிளாஸ்டிக். அவர் கையில் பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி இருக்கும். அசல் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் காட்டும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அங்கே வேலை நடந்திருக்கிறது. சிறு கீறல், கல் பட்ட புள்ளி, ஓரத்தில் மங்கல் ஆகியவற்றை அப்படியே விடலாம். பாலிஷ் மெஷினை அதிகம் ஓட்டாதீர்கள். மெட்டாலிக் பூச்சின் மேல்தோல் தேய்ந்தால் திரும்பாது. மிதமான சோப்பு நீர், பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் துண்டு, கையால் மெழுகு. உள்ளே வெல்வெட்டை வேக்கம் கிளீனரால் ஒரே திசையில் இழுங்கள். டாஷ்போர்டில் சிலிகான் பளபளப்பு எதையும் தடவ வேண்டாம். படத்தில் எண்ணெய் வடிவது போலத் தெரியும். பார்ப்பவர் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார்.

இரண்டு இடங்கள் மட்டும் விதிவிலக்கு. பம்பருக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் வளையும் பிளாஸ்டிக் இணைப்புகள், ஓடினாலும் ஓடாவிட்டாலும், வயதால் வெடித்துப் பொடியாகும். 1970-களின் பல அமெரிக்கக் கார்களுக்கு இந்தத் தலைவிதி. ஃபைபர்கிளாஸ் மாற்று கிடைக்கும், ஆனால் பெயின்ட் நிறம் பொருந்துவது சிரமம். நிறத்தைப் பொருத்தித் தரும் நல்ல கடை பக்கத்தில் இல்லையென்றால் உடைந்ததை உடைந்தபடியே காட்டி விற்பது மேல். மாற்றினால் மாற்றியதாக எழுதுங்கள்.

அடுத்தது பின்பாதிக் கூரை வினைல். அதன் கீழே மெத்தை இருக்கிறது. பின் கண்ணாடி ஓரமாக நீர் இறங்கினால் மெத்தை பஞ்சாக உறிஞ்சி, இரும்பை உள்ளிருந்தே தின்னும். கொட்டகைக்குள் நின்ற கார் என்றாலும் சோதியுங்கள். பின் கண்ணாடியின் கீழ்மூலைகளில் விரலால் அழுத்தும்போது நொறுநொறுவென்ற சத்தம் வந்தாலோ, வினைல் மேல் கொப்புளம் தெரிந்தாலோ அடியில் துரு உண்டு. டிக்கியைத் திறந்து பின் தட்டின் ஓரங்களையும் ஒரு விளக்கோடு பாருங்கள். துரு இருப்பதை நீங்களே சொல்லி விலையைக் குறைப்பது, வாங்க வந்தவர் கண்டுபிடித்துக் குறைப்பதைவிட எப்போதும் மலிவு.

கார் எட்டு ஆண்டாக ஸ்டார்ட் செய்யாமல் நிற்கிறது. வாங்க வருபவர் முன் ஸ்டார்ட் செய்து காட்டலாமா?

நேரடியாகச் சாவியைத் திருப்பாதீர்கள். ஓடாத கார் நன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பல என்ஜின்களைக் கெடுத்திருக்கிறது.

முதல் வேலை, ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி எலிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பது. ஹீட்டர் காற்று இழுக்கும் வழியையும் பாருங்கள். பிறகு டாங்கியிலுள்ள பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அது கார்புரேட்டருக்குப் போனால் நுண்துளைகள் எல்லாம் அடைந்துவிடும். எரிபொருள் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். மெக்கானிக்கல் பம்ப்பின் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியை மோந்து பாருங்கள்.

எட்டு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 5 மில்லி என்ஜின் ஆயில் விட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, முன்பக்கமிருந்து பார்க்கையில் வலச்சுற்றாக, கையால் இரண்டு முழுச்சுற்று. தடுத்தால் முட்டி மோத வேண்டாம், நிறுத்துங்கள். சுலபமாகச் சுற்றினால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். இரண்டு என்ஜினுக்கும் ஃபில்டரோடு சுமார் 5 குவார்ட். தட்டையான டாப்பெட் உள்ள என்ஜின்கள் இவை. துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில் வாங்குங்கள். பிளக் இல்லாமலே 15 விநாடி கிராங்க், ஒரு நிமிடம் இடைவெளி என்று செய்து ஆயில் அழுத்தம் ஏறுவதை உறுதிசெய்யுங்கள். அதன் பிறகே பிளக், புதிய பேட்டரி, புதிய பெட்ரோல், ஸ்டார்ட். பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆனால் முழு வெப்பம் வரும்வரை ஓட விடுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கி, நிற்க விட்டிருந்ததைவிடக் கெடுதல் செய்யும். பிரேக்கைத் தொடாமல் தெருவுக்கு எடுக்கக் கூடாது. பழைய பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடியே இருக்கும். ஹோஸ்கள் புதிது, டாட் 3 வகை பிரேக் திரவம் புதிது, காலிப்பர் நகர்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்டம். கியர்பாக்ஸ் ஆயிலில் டைப் எஃப், டைப் சி.ஜே. என்று இரு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல; எது என்று கையேட்டில் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

மெக்கானிக் டைமிங் செயினை மாற்றச் சொல்கிறார். 14,000 மைலில் தேவையா?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சத்தம் குறைய அந்நாளில் கேம் பற்சக்கரத்தின் பற்களை நைலானில் செய்தார்கள். நைலான் வயதாலும் சூட்டாலும் மொறுமொறுப்பாகும். ஓடாமல் நின்றாலும் வயது ஏறும். பல் உதிர்ந்தால் துண்டுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், டைமிங் தவறும். ஆனாலும் விற்பதற்காக மட்டும் என்றால் இதை நீங்களே செய்ய வேண்டியதில்லை. முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டால் அசல் பெயின்ட், அசல் கிளிப், அசல் போல்ட் எல்லாம் கலையும். 'பற்சக்கரம் அசல், மாற்றப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, வேலைக்கான மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றை வாங்கி வையுங்கள். ஓட்டுவதற்காக வாங்குபவர் அந்தத் தொகையைக் கழிப்பார். காட்சிக்காக வாங்குபவர் அப்படியே விட்டதற்கு நன்றி சொல்வார்.

முன் விளக்கு மூடிகள் நிறுத்தி வைத்த சற்று நேரத்தில் தானாகத் திறந்துகொள்கின்றன.

வேக்கம் கசிவு. மூடிகளை மூடிய நிலையில் பிடித்திருப்பது என்ஜினின் உறிஞ்சு விசை. அது குறைந்தால், இரவில் விளக்கில்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஸ்பிரிங் அவற்றைத் திறந்துவிடும். பெரும்பாலும் காய்ந்த ரப்பர் குழாய்தான் காரணம். சில சமயம் சேமிப்புக் குடுவை அல்லது மூடியை இயக்கும் டயஃப்ரம். குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, கை வேக்கம் பம்ப்பால் எந்தக் கிளை கசிகிறது என்று கண்டுபிடிக்கலாம். இதைச் சரிசெய்து விற்பது நல்லது, செலவும் சிறிது. ஒற்றைக் கண் திறந்த காரின் படம் யாரையும் இழுக்காது.

இதே வேக்கம்தான் தானியங்கி ஏசியின் காற்று வழிகளையும் இயக்குகிறது. ஏசி வாயு அந்நாளைய ஆர்-12. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது; இருப்பு வாயு இன்னும் உண்டு, கையாள உரிமம் பெற்றவர் வேண்டும். பின்னால் வந்த ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றினால் மாற்றியதாக எழுதுங்கள். மாற்றாமல், 'ஏசி குளிரவில்லை, அமைப்பு அசல்' என்று விட்டாலும் பழுதில்லை. டாஷ்போர்டின் கார்ட்டியே கடிகாரம் நின்றிருந்தால் அதையே பழுது பார்க்கக் கொடுங்கள். வேறு கடிகாரம் பொருத்தாதீர்கள்.

அசல் டயர் இன்னும் இருக்கிறது. அப்படியே விற்கலாமா?

காட்சிக்கு மட்டும். 45 ஆண்டுக்கு மேலான டயரில் நெடுஞ்சாலைக்குப் போவது உயிரோடு விளையாட்டு. டயர் சுவரிலுள்ள டாட் எண்ணின் கடைசிப் பகுதி தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மூன்று இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது. ஓட்ட 235/75 ஆர்15 வெள்ளைக் கோடு டயர் போட்டுக்கொண்டு, அசல் டயர்களை வெயில் படாமல் வைத்துக் காரோடு சேர்த்துக் கொடுங்கள். அசல் டயர், அதன் டாட் எண்ணோடு, மைல் கணக்குக்கு இன்னொரு சாட்சி.

விலையை எப்படி நிர்ணயிப்பது?

விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். விளம்பரத்திலுள்ள விலை விற்பவரின் ஆசை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏலத்தில் போன டைமண்ட் ஜூபிலிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் மைல், நிறம், என்ஜின், ஆவணம், குடை இருந்ததா என்று பட்டியல் போடுங்கள். பழைய கார்களுக்கு விலைக் கையேடு தரும் ஹாகர்ட்டி நிறுவனத்தின் 1 முதல் 4 வரையான தரநிலை விலைகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தன் காரை 1 என்று போடாதவர் அரிது. உண்மையில் 1 என்பது போட்டியில் பரிசு வாங்கும் கார்.

'மிக அரிது' என்று எழுதாதீர்கள். 5,159 என்பது சின்ன எண் இல்லை, அதிலும் பத்திரப்படுத்தியவை நிறையப் பிழைத்திருக்கின்றன. வாங்குபவர் பொறுத்திருந்தால் இன்னொன்று வரும். அரிது எது? 460 என்ஜின், தொடர்ச்சியான காகிதம், குடை, சாவி, தோல் கையேடு, துருவில்லாக் கூரை எல்லாம் ஒரே காரில் சேர்வது.

எங்கே விற்பது?

மைல் குறைவு, ஆவணம் வலுவாக உள்ளது என்றால் பிரிங் எ ட்ரெய்லர் போன்ற இணைய ஏலம். அங்கே கூடுகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி ஸ்க்ரூ தலையைக்கூடப் பார்ப்பார்கள். நல்ல காருக்கு அது சாதகம். கேள்விக்கு அன்றே பதில் சொல்ல நேரமில்லாதவர்கள் அங்கே போக வேண்டாம்.

ஆவணம் குறைவு, ஆனால் பார்க்கக் கண்ணைப் பறிக்கும் என்றால் நேரடி ஏலம். ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் மீகம், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் பாரெட்-ஜாக்சன். பின்னதில் பெரும்பாலான கார்கள் குறைந்தபட்ச விலை இல்லாமலே போகும். கை நடுங்கும் என்றால் தவிருங்கள். நுழைவுக் கட்டணம், கமிஷன், அங்கே கொண்டுசெல்லும் செலவு மூன்றையும் கூட்டிக் கழித்து முடிவெடுங்கள்.

1953-ல் தொடங்கிய லிங்கன் அண்ட் கான்டினென்டல் ஓனர்ஸ் கிளப் உறுப்பினர்கள் மெதுவாகத்தான் வாங்குவார்கள், ஆனால் குடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விற்காவிட்டாலும் விலை பற்றி நல்ல கருத்து கிடைக்கும்.

டீலரிடம் விற்றுத் தரக் கொடுத்தால், குறைந்தபட்ச விலை, எத்தனை நாள், யார் ஓட்டலாம், யாருடைய இன்ஷூரன்ஸ் எல்லாம் எழுத்தில் வேண்டும். கையெழுத்திட்ட காலி டைட்டிலை யாரிடமும் கொடுக்காதீர்கள். எவ்வளவு நெருங்கியவரானாலும்.

படமும் விளம்பரமும் எப்படி?

குறைந்தது 100 படம், மேகமூட்டமான காலையில், வீட்டு வாசல் குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில். வெளியே எட்டுத் திசை. ஓபரா ஜன்னல், கதவு எழுத்து, கார் எண், கதவோர லேபிள், ஓடோமீட்டர், பெடல், குடை, சாவி, கையேடு, டிக்கிக் கார்ப்பெட், உபரிச் சக்கரம், அடிப்பகுதி முழுக்க. ஒவ்வொரு குறைக்கும் ஒரு நாணயத்தை அருகில் வைத்துத் தனிப் படம். வீடியோ நான்கு: குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட், விளக்கு மூடிகள் திறந்து மூடுவது, ஜன்னல் இருக்கை மின்சாதனங்கள், பத்து நிமிட ஓட்டம். பானட்டில் கை வைத்துக் குளிர்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டு ஸ்டார்ட் வீடியோவைத் தொடங்குங்கள்.

எழுதும்போது முதலில் உண்மை விவரம், அடுத்து செய்த வேலை, அடுத்து குறை. 'பாட்டியின் வண்டி' கதை கடைசியில் இரண்டு வரி போதும்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால்?

முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டு, காரை உடன்பட்ட மதிப்புக்கு (இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு முன்பே பேசி முடித்த தொகைக்கு) இன்ஷூர் செய்த பிறகு அவர் கையில் கொடுங்கள். அவர் மெக்கானிக்கை அழைத்துவந்து சோதிக்க விரும்பினால் மறுக்க வேண்டாம், செலவு அவருடையது.

பணம் எப்படி வாங்குவது பாதுகாப்பு?

அவருடைய வங்கிக் கிளைக்கே இருவரும் போய், உங்கள் கண்முன் காசாளர் எழுதும் கேஷியர் செக் (வங்கியே பொறுப்பேற்றுத் தரும் காசோலை), அல்லது வயர் டிரான்ஸ்ஃபர். தபாலில் வரும் கேஷியர் செக்கை நம்பாதீர்கள். கணக்கில் வரவு காட்டிய பின்னும் ஒரு வாரம் கழித்துப் போலி என்று திரும்பும். கேட்டதற்கு மேல் தொகை அனுப்பி, மிச்சத்தை லாரிக்காரருக்குக் கொடுங்கள் என்பவர் திருடர், யோசிக்கவே வேண்டாம். எஸ்க்ரோ சேவை (விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் மூன்றாம் நிறுவனம்) என்றால் வாங்குபவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல் நீங்களே முகவரியைத் தேடிப் போங்கள். பணம் உங்கள் வங்கியில் உறுதியான பிறகே டைட்டிலில் கையெழுத்து.

கார் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது.

உங்கள் கையெழுத்தால் விற்க முடியாது. சொத்து நிர்வாகிக்கான நீதிமன்ற ஆணை, அல்லது சிறு சொத்துகளுக்கு மாநிலம் அனுமதிக்கும் உறுதிப் பத்திரம் வேண்டும். ஏலத்துக்குத் தேதி வாங்கும் முன்பே இதை முடியுங்கள். அவர் இறந்த நாளைய சந்தை மதிப்புக்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வாங்குங்கள். வாரிசுக்கு வரி கணக்கிடும் தொடக்க விலை அதுதான், 1978-ன் விலை அல்ல. சொந்தமாக வாங்கிய காரில் லாபம் வந்தால் வரி உண்டு. சொந்த உபயோகக் காரில் நஷ்டம் வந்தால் கழிக்க முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுமா?

நிறைய. ஒஹையோ, பென்சில்வேனியா போன்றவற்றில் டைட்டில் கையெழுத்து நோட்டரி முன்னால்தான்; வீட்டிலேயே கையெழுத்திட்டு வைத்தால் செல்லாது. கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் கார்களுக்கு விற்பனையின்போது புகைச் சோதனைச் சான்று வேண்டும், 90 நாளுக்குள் எடுத்தது, பொறுப்பு விற்பவருடையது. உங்கள் கார் 1978. வினையூக்கி மாற்றியை (புகையைச் சுத்தமாக்கும் கருவி) யாராவது முன்பே கழற்றிப் போட்டிருந்தால் அங்கே பெரும் சிக்கல். விற்ற ஐந்து நாளுக்குள் மாற்ற அறிவிப்பையும் அங்கே பதிய வேண்டும். பதியாமல் விட்டால் வாங்கியவரின் பார்க்கிங் அபராதம் உங்கள் வாசலுக்கு வரும்.

வெளி மாநிலத்துக்கு எப்படி அனுப்புவது?

மூடிய டிரெய்லர். பதிவு செய்யும்போதே நீளம் 230 அங்குலம், அதாவது 19 அடி 2 அங்குலம் என்று சொல்லுங்கள். இரண்டு கதவு கார் என்று மட்டும் சொன்னால் சிறிய இடம் ஒதுக்கி வைத்து, வந்து நின்று கையைப் பிசைவார்கள். மூக்கு நீளம், முன் பம்பர் தாழ்வு, அதனால் சாய்தளம் நீளமாக இருக்க வேண்டும், அல்லது லிஃப்ட் கேட் (காரைத் தூக்கி ஏற்றும் மேடை) உள்ள வண்டி வேண்டும். கட்டுவது சக்கரத்தைச் சுற்றிய பட்டையால். பம்பரில் கொக்கி போட விடாதீர்கள். ஏற்றும் முன் நான்கு பக்கமும் டிரைவரோடு நடந்து படம் எடுத்து, ஒப்புதல் சீட்டில் ஒவ்வொரு கீறலையும் குறிக்கச் சொல்லுங்கள். குடை, சாவி, கையேடு, கோப்பு ஆகியவற்றைக் காருக்குள் வைக்காமல், இன்ஷூரன்ஸோடு தனிப் பார்சலாக வாங்குபவர் முகவரிக்கு அனுப்புங்கள். அசல் தயாரிப்புத் தாள் இருந்தால் அதன் நகலையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பார்சல் போய்ச்சேரும் வரையிலாவது.